பசுமைத் தொழில்நுட்பத்துக்கு அரசு மானியம்: கையெழுத்துக்கு முன் தெரிய வேண்டியவை

தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையின் கொதிகலன் கக்கும் கரியமில வாயுவைப் பிடித்து சோடா ஆஷ் தயாரிக்கும் பிரிவு 2016இல் இயங்கத் தொடங்கியது. ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் வாயுவைப் பிடிக்கும் திட்டம் அது. தொழில்நுட்பம் தந்த 'கார்பன் கிளீன்' நிறுவனத்தை 2009இல் தொடங்கியவர்கள் கரக்பூர் ஐஐடியில் படித்த இரு இளைஞர்கள். இந்தியாவில் அவர்களுக்கு முதலீடு கிடைக்கவில்லை. மானியம் கொடுத்து அழைத்துக்கொண்டது பிரிட்டிஷ் அரசு.

இன்று அந்த நிலை ஓரளவு மாறியிருக்கிறது. 2021இல் மத்திய அரசு 945 கோடி ரூபாயில் ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தைத் தொடங்கியது. முன்மாதிரி செய்யவும் சோதித்துப் பார்க்கவும் 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு என்பது அதன் விதி. தமிழ்நாட்டின் டான்சீட் திட்டம் பசுமைத் தொழில்நுட்பத்துக்கு மற்ற துறைகளைவிடக் கூடுதலாக, 15 லட்சம் வரை என வரம்பு வைத்தது. ஆனால் மானியம் என்ற பெயரை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடக் கூடாது. சில திட்டங்களில் பணத்துக்கு ஈடாக நிறுவனத்தில் சிறு பங்கு கேட்பார்கள்.

பலர் சிக்கிக்கொள்வது பணம் வரத் தொடங்கிய பிறகுதான். திருப்பூர்ச் சாயக்கழிவு நீரைச் சுத்திகரிக்கும் கருவியை ஒரு சிறு நிறுவனம் உருவாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மானியம் தவணை தவணையாகத்தான் வரும். சொன்ன கட்டத்தை எட்டியதைக் காட்டி, பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்த தவணை. ஒப்புதல் உத்தரவு தேதிக்கு முன்பே அவசரப்பட்டு வாங்கிய சவ்வு வடிகட்டியின் பில்லைப் பொதுவாகக் கணக்கில் ஏற்க மாட்டார்கள். மானியத்துக்கெனத் தனி வங்கிக் கணக்கு, ஒவ்வொரு பொருளுக்கும் கொட்டேஷன், ஜிஎஸ்டி பில் என்று முதல் நாளிலிருந்தே வைத்துக்கொண்டால் ஆடிட்டரின் கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும். தவணை தாமதமானால் சம்பளம் கொடுக்க மூன்று நான்கு மாதச் செலவுக்கான சொந்தப் பணமும் கையில் வேண்டும். சின்ன நிறுவனங்கள் மூச்சுத் திணறுவது பெரும்பாலும் இங்கேதான்.

"கமிஷன் கொடுத்தால் மானியம் வாங்கித் தருகிறோம்" என்பவர்களை நம்பவே வேண்டாம். விதை நிதித் திட்டத்தில் பணத்தைப் பிரித்துத் தரும் இன்குபேட்டர் (தொழில் வளர்ப்பகம்) விண்ணப்பதாரரிடம் எந்தக் கட்டணமும் வசூலிக்கக் கூடாது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவும் இலவசம்தான். அரசு இணையதளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் கறக்கும் தளங்கள் இருப்பதால் முகவரியைச் சரிபார்ப்பது அவசியம்.

கண்டுபிடிப்பைப் போட்டி மேடையில் விளக்கும் முன் காப்புரிமைக்குத் தற்காலிக விண்ணப்பமாவது போட்டுவிட வேண்டும். பொதுவெளியில் சொல்லிவிட்டால் காப்புரிமை கிடைக்காமலே போகலாம். தற்காலிக விண்ணப்பம் போட்டபின் முழு விவரத்தைத் தாக்கல் செய்ய 12 மாத அவகாசம் உண்டு. கட்டணத்திலும் ஸ்டார்ட்அப்களுக்குப் பெரிய சலுகை இருக்கிறது.

கருவியை வாங்கிய ஆலையோ நகராட்சியோ பணத்தை இழுத்தடித்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் துணைக்கு வரும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. குறு, சிறு நிறுவனங்கள் இந்தச் சட்டப்படி அமைந்த வசதியாக்கக் குழுவில் இணையம் வழியாக முறையிடலாம். தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போனால் தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்டியாக வேண்டும். இந்தப் பாதுகாப்புக்கு ஆர்டர் எடுக்கும் முன்பே உத்யம் பதிவை முடித்து வைப்பது நல்லது.

விண்ணப்பம் காரணம் சொல்லப்படாமல் நிராகரிக்கப்பட்டாலும், தவணை துறை அலுவலகத்தில் தேங்கினாலும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மதிப்பீட்டுக் குறிப்பையும் கோப்பு நிற்கும் இடத்தையும் கேட்கலாம். பதில் தர 30 நாள் கெடு. வராவிட்டால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முறையிடலாம்.