சொல்லை நிறுக்கும் தராசு

ஒரு கிலோ அரிசி வாங்கினாலும் தராசைக் கூர்ந்து பார்க்கிறோம். பிறர் மானத்தைப் பற்றிய சொல்லை மட்டும் நிறுக்காமலே வாங்கி, நிறுக்காமலே கொடுத்துவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஜும்ஆ முடிந்ததும் இளைஞர் நால்வர் என்னிடம் வந்தனர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பணி. பட்டரவாக்கத்தில் ஓர் அறையில் சேர்ந்து வாசம். அவர்களுள் ஒருவர் ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பணம், பிற்பகல் இரண்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் இடையே காணாமற் போயிருந்தது. பழி, புதிதாக வந்து சேர்ந்தவர் மீது விழுந்தது.

"பூட்டு உடையவில்லை, ஹஜ்ரத். எடுத்தவன் சாவி உள்ளவன். இவனும் சாவி உள்ளவன். வேறென்ன வேண்டும்?" என்றார் ஒருவர்.

"தம்பி, குதிரைக்கு நான்கு கால், ஆட்டுக்கும் நான்கு கால். ஆகவே ஆடு குதிரையாகிவிடுமா? சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது?" என்றேன்.

"நால்வரிடமும்" என்றார், குரல் தாழ்ந்து.

நம் அரபி மத்ரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வரும் மன்திக் எனும் தர்க்கக் கலையின் தொடக்க நூல்களுள் ஒன்று, 13ஆம் நூற்றாண்டில் அஸீருத்தீன் அப்ஹரீ (ரஹ்) எழுதிய 'ஈஸாகோஜீ'. அக்கலையின் ஒரு விதியை நோக்குங்கள். இருவரைப் பற்றிய இரு கூற்றுகளிலும் ஒரே தன்மை சொல்லப்பட்டால், அவற்றுள் ஒன்று 'ஆம்' என்றும் மற்றது 'இல்லை' என்றும் இருந்தாலன்றி முடிவு பிறவாது. பிறக்கும் முடிவும் 'அல்ல' என்பதாகவே இருக்கும். அதாவது, இவ்வகை வாதம் பழியை நீக்கவல்லது, சுமத்தவல்லதன்று!

இது கிரேக்கர் கலையாயிற்றே என ஐயுறுவோர் உண்டு. கி.பி. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'அல்கிஸ்தாஸுல் முஸ்தகீம்' என்னும் நூலில் இதனைத் திருமறையிலிருந்தே எடுத்துக் காட்டுகிறார். மறைவனவற்றை நேசியேன் என உரைத்த நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் வாதம் (6:76-78) இதுவேயன்றோ! சந்திரன் மறையும், இறைவன் மறையான், ஆகவே சந்திரன் இறைவன் அல்ல. இமாமவர்கள் இதற்கு 'நடுத்தராசு' எனப் பெயரிட்டார்கள்.

அத்தராசிலேயே இளைஞரின் வழக்கையும் நிறுத்தோம். எடுத்தவன் இரண்டுக்கும் எட்டுக்கும் இடையே அறைக்குள் வந்தவன். இவரோ அன்று ஒரு மணி முதல் ஒன்பது மணிவரை ஆலையில் இருந்ததாகச் சொல்கிறார். "வருகைப் பதிவேட்டைப் பார்த்தீர்களா?" என்றேன். ஒருவரும் பார்த்திருக்கவில்லை. மறுநாள் பார்த்தனர், அவர் கூறியது உண்மை. அந்நேரம் அறைக்கு வராதவர் எடுத்தவராக இருத்தல் இயலாது.

பணம் எவர் கைக்குப் போயிற்றோ, அல்லாஹ்வே அறிவான். நண்பர்கள் மன்னிப்புக் கேட்டனர், அவரும் மன்னித்தார். ஆயினும் அம்மாதமே ஆவடியில் வேறு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டார். காலம் கடந்து நிறுத்த தராசு அவரது பெயரைக் காத்தது, தோழமையைக் காக்கவில்லை.

சகோதரர்களே, தாய்மார்களே! வாதம் பிறரை மடக்குவதற்கன்று. நம் நாவைக் கட்டுவதற்கே. அறியாததைப் பின்தொடராதீர் என்றும் (17:36), ஊகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்ந்துகொள்ளுங்கள் என்றும் (49:12) திருமறை எச்சரிக்கிறது. சான்று தருவது குற்றம் சாட்டுபவரின் கடமை என்பது ஷரீஅத்தின் நெறி. வீட்டு வேலைக்கு வருபவர் மீதோ, மருமகள் மீதோ, அண்டை வீட்டார் மீதோ ஒரு சொல் நாவில் எழும்போது, கைப்பேசியில் ஒரு செய்தியை அடுத்தவருக்கு அனுப்ப விரல் நீளும்போது, ஒரு கணம் நிறுத்துப் பாருங்கள்.

நிறுக்கும் நிதானத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.