கண்டற்காயமும் கைவைத்தியமும்

மாமரத்திலிருந்து விழுந்த பிள்ளையை மடியிற் கிடத்தி, நல்லெண்ணெயைச் சுடவைத்து, கண்டிப்போன இடத்தை அழுத்தி உருவிவிடும் வழக்கம் நம் வீடுகளிலிருந்து இன்னும் மறைந்துவிடவில்லை. 1992ஆம் ஆண்டிலே, யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி இருந்த காலத்தில், அவ்வாறு உருவப்பெற்றவர்களுள் யானும் ஒருவன். முழங்காலுக்குக் கீழே உள்ளங்கையளவு வீக்கம். "கட்டின ரத்தம் கலையட்டும் ராசா, பல்லைக் கடிச்சுக்கொண்டிரு" என்று சொல்லிச் சொல்லி அம்மம்மா உருவினார். மறுநாட் காலையில் வீக்கம் இருமடங்காயிற்று. பழி முழுவதும் என் மரமேறும் குணத்தின்மீதே வீழ்ந்தது!

அன்பினாற் செய்யப்பட்ட அவ்வைத்தியத்திற் பிழை எங்கே? அடிபட்ட இடத்தில் தோல் கிழியாவிட்டாலும், அதன் கீழுள்ள நுண்ணிய மயிர்த்துளைக் குழாய்கள் உடைந்து, இரத்தம் அயலிலுள்ள இழையங்களிற் கசிகின்றது. இக்கசிவே கண்டல். உடைந்த வாய்களை உடல் தானே அடைத்துக்கொள்ளும். சூடு அக்குழாய்களை விரியச் செய்கின்றது. உருவுதலோ அடைபட்ட வாய்களை மீண்டும் திறந்துவிடுகின்றது. அன்று கலைந்தது பழைய இரத்தமன்று. புதிய இரத்தமே மேலும் கசிந்தது.

ஆதலின் முதல் இரண்டு நாளும் வேண்டப்படுவன குளிர்ச்சியும் ஓய்வுமே. பனிக்கட்டியைத் துவாயிற் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வரை அவ்விடத்தில் வைத்து எடுத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை அவ்வாறே செய்துவரலாம். குளிர்ச்சியினால் இரத்தக்குழாய்கள் சுருங்கிக் கசிவு குறையும். வெறும் பனிக்கட்டியைத் தோலில் வைத்தலாகாது; தோல் புண்படும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிலே கிணற்றுநீரில் நனைத்த துணியை மாற்றி மாற்றிப் போடுதல் போதும். எங்கள் வீட்டுக் கிணறு அம்மம்மாவின் திண்ணையிலிருந்து பத்தடி தூரத்திலேதான் இருந்தது. விளையாட்டு மைதானத்தில் வேறெதுவும் அகப்படாதபோது, ஐஸ்பழத்தைக் கைக்குட்டையிற் சுற்றித் தோழனின் காலில் வைத்த மாணவனொருவனை யான் மெச்சியதுண்டு. மீதியை அவன் தின்றதைக் காணாதவன்போல் இருந்துவிட்டேன்.

அடிபட்ட காலையோ கையையோ தலையணைமீது உயர்த்தி வைத்தல் வீக்கத்தைத் தணிக்கும். நோவுக்கு உரிய அளவிலே பரசிற்றமோல் போதுமானது. அஸ்பிரின் இரத்தம் உறைவதைத் தடுப்பதாகலின் கண்டலுக்கு உதவாது. பிள்ளைகளுக்கோ வைத்தியர் பணித்தாலன்றிக் கொடுக்கவே கூடாது.

அடுத்த சில நாள்களிற் காயத்தின் நிறம் மாறுதலைக் கண்டு தாய்மார் அஞ்சுவர். அஞ்சவேண்டா, விஞ்ஞான ஆசிரியருக்கு இதனினும் நல்ல பாடம் கிடைப்பதரிது. கசிந்த இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின் சிதையும்போது பிலிவேடின் என்னும் பச்சைப்பொருளும், அதிலிருந்து பிலிரூபின் என்னும் மஞ்சட்பொருளும் உண்டாகின்றன. செங்கண்மாரி கண்டவரின் கண்ணை மஞ்சளாக்குவதும் இதே பிலிரூபினே. கருநீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, ஏறக்குறைய இரண்டு கிழமையில் யாவும் மறையும். நம்மவரின் கரிய தோலில் இந்நிறங்கள் தெளிவாகத் தெரியாமலும் போகலாம். நோவும் வீக்கமும் குறைகின்றனவா என்று பார்ப்பதே தக்கது.

வீக்கம் ஏறுவது நின்றபின், மூன்றாம் நாளளவில், இளஞ்சூட்டு ஒத்தணம் நன்மை தரும். அம்மம்மாவின் நொச்சியிலை ஒத்தணத்திற் பிழையில்லை. அதற்குரிய நாள்தான் பிழைத்துவிட்டது. ஆனால், அழுத்தி உருவுதல் அப்போதும் வேண்டா. கடினப்பந்து தொடையில் தாக்கிய எம் மாணவனொருவன் இரண்டு கிழமை ஓயாது உருவுவித்துக்கொண்டான். தசைக்குள்ளே கல்லுப்போல ஒன்று திரண்டது. ஆழமாக அடிபட்ட தசையிற் சிலபோது எலும்பே வளரத் தொடங்குவதுண்டு என்றும், உருவுதல் அதற்குத் துணைபோகும் என்றும் வைத்தியர் விளக்கினார். அவ்வருடப் போட்டிகளையெல்லாம் அவன் மைதானத்து வேலியருகே இருந்துதான் பார்த்தான்.

கைவைத்தியத்துக்கு அடங்காதனவும் உள. தலையில் அடிபட்டபின் வாந்தியோ மயக்கமோ மிகுந்த உறக்கமோ காணப்படின், வயிற்றிற் பலத்த அடி பட்டிருப்பின், காலை ஊன்ற இயலாதிருப்பின், தாமதிக்கலாகாது. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவச நோயாளர் காவு வண்டி வரும். இதயநோய்க்காக வார்பரின் முதலிய மருந்துகளை உட்கொள்ளும் முதியோருக்குச் சிறு மோதலும் பெருங்கண்டலாகும். அவர்கள் மருந்தைத் தாமாக நிறுத்தாது வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். விழாமலும் மோதாமலும் ஒருவர் உடலிற் கண்டலோ செம்புள்ளிகளோ தோன்றி, காய்ச்சலும் கூட இருந்தால், டெங்குவாக இருக்கலாம். அப்போது அஸ்பிரினும் புரூபனும் கொடாது, எண்ணெய்ப் போத்தலையும் தேடாது, அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க.