ஆங்கிலச் சொற்றொடர் வகைகள்

ஆங்கில இலக்கணத்தில் சொற்றொடர் என்பது ஒரு வாக்கியத்தினுள் ஒரே அலகாக இயங்கும் சொல்லையோ சொற்களின் கூட்டத்தையோ குறிக்கும். ஆங்கிலத்தில் இது ஃபிரேஸ் எனப்படுகிறது. எழுவாயும் முற்று வினையும் சேர்ந்து அமைந்தால் அது சொற்றொடர் அன்று. கிளாஸ் எனப்படும் வாக்கியக்கூறு ஆகும். "இன் தி ஹில்ஸ்" என்பது சொற்றொடர். "தே லிவ் இன் தி ஹில்ஸ்" என்பது வாக்கியக்கூறு. தனித்து நிற்கும்போது அதுவே முழு வாக்கியமும் ஆகும்.

தமிழ் இலக்கணத்தின் தொடர் என்னும் கருத்து இதனோடு முழுமையாகப் பொருந்தாது. தமிழ் மரபில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சொற்கள் பொருள் தொடர்ந்து வந்தாலே தொடராகும். எனவே எழுவாய்த் தொடராகிய "மலை உயர்ந்தது" என்பதும், பெயரெச்சத் தொடராகிய "உயர்ந்த மலை" என்பதும் ஒரே பெயரின் கீழ் அடங்கும். ஆங்கில இலக்கணம் இவற்றுள் முன்னதை வாக்கியக்கூறாகவும் பின்னதைச் சொற்றொடராகவும் பிரிக்கிறது. பேச்சு வழக்கிலும் பல பாடநூல்களிலும் சொற்றொடர் என்றால் வாக்கியம் என்று பொருள் கொள்வதும் உண்டு. இக்கட்டுரையில் அச்சொல் ஃபிரேஸ் என்னும் பொருளில் மட்டுமே ஆளப்படுகிறது.

கீழே உள்ள எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சிப் பகுதியையும், அதனை ஒட்டி எழும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலையையும் பற்றியவை. தமிழ் வழியில் பயிலும் மாணவர் தம் ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கும்போதுதான் இரு மொழிகளின் சொற்றொடர் அமைப்பும் எதிரெதிரே நிற்பது தெரியவரும்.

இருவகைப் பெயரிடல்

சொற்றொடர்களை வகைப்படுத்த இரண்டு முறைகள் வழங்குகின்றன. இரண்டும் ஒரே பெயர்களை வெவ்வேறு பொருளில் பயன்படுத்துவதே மாணவர்களின் குழப்பத்திற்கு முதற் காரணம்.

முதலாவது மரபு முறை. 1930களில் முதலில் வெளிவந்து இந்தியப் பள்ளிகளில் பரவலாகப் பயன்பட்ட ரென், மார்ட்டின் ஆகியோரின் இலக்கண நூல் இம்முறையைச் சார்ந்தது. இம்முறையில் சொற்றொடர் ஆற்றும் பணியே அதற்குப் பெயர் தருகிறது. பெயரைச் சிறப்பித்தால் பெயரடைச் சொற்றொடர். வினையைச் சிறப்பித்தால் வினையடைச் சொற்றொடர். பெயரின் இடத்தில் நின்றால் பெயர்ச் சொற்றொடர்.

இரண்டாவது தற்கால மொழியியல் முறை. இதில் சொற்றொடரின் மையமாகிய தலைச்சொல் எவ்வகைச் சொல் என்பதே பெயரை முடிவு செய்கிறது. தலைச்சொல் பெயராயின் பெயர்ச் சொற்றொடர். இன், ஆன், நியர் போன்ற முன்னிடைச்சொல்லாயின் முன்னிடைச் சொற்றொடர். 1985இல் குவர்க்கும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட பேரிலக்கணமும், 2002இல் ஹடில்ஸ்டன், புல்லம் ஆகியோர் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் இலக்கணமும் இவ்வழியில் செல்பவை. இம்முறையில் ஒரே சொல்லும் சொற்றொடர் ஆகலாம். "கள்ளக்குறிச்சி இஸ் எ டவுன்" என்பதில் கள்ளக்குறிச்சி என்னும் தனிச்சொல் ஒரு பெயர்ச் சொற்றொடர்.

ஆகவே "தி வில்லேஜஸ் இன் தி ஹில்ஸ்" என்பதில் வரும் "இன் தி ஹில்ஸ்" எவ்வகை என்று கேட்டால், மரபு முறையில் பெயரடைச் சொற்றொடர் என்றும் தற்கால முறையில் முன்னிடைச் சொற்றொடர் என்றும் விடை வரும். இரண்டுமே சரி. முன்னது பணியைச் சொல்கிறது, பின்னது வடிவத்தைச் சொல்கிறது. தேர்வு எழுதுவோர் தம் பாடநூல் எம்முறையைப் பின்பற்றுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது.

பெயர்ச் சொற்றொடர்

"தி ஸ்டீப் ரோடு ஃப்ரம் கச்சிராயபாளையம் டு வெள்ளிமலை" என்பதில் தலைச்சொல் "ரோடு". அதற்கு முன் "தி", "ஸ்டீப்" ஆகியவையும், பின் இரண்டு முன்னிடைச் சொற்றொடர்களும் நிற்கின்றன. இதனைத் தமிழில் "கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குச் செல்லும் செங்குத்தான சாலை" என்போம். தமிழில் தலைச்சொல் எப்போதும் இறுதியில் வரும்; அடைகள் அனைத்தும் அதற்கு முன்னரே வந்துவிடும். ஆங்கிலத்தில் சிறிய அடைகள் முன்னும் நீண்ட அடைகள் பின்னும் பிரிந்து நிற்கும். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் தடுமாறுவது இங்கேதான். பெயர்க்க வேண்டியது சொல்லை அன்று, சொற்றொடரை. தமிழ்த் தொடரின் கடைசிச் சொல்லை முதலில் கண்டுபிடித்து, அதனைத் தலைச்சொல்லாக வைத்துக்கொண்டு தொடங்கினால் பாதி வேலை முடிந்துவிடும்.

தலைச்சொல்லை அறிவது ஒருமை பன்மைக்கும் உதவுகிறது. "தி லிஸ்ட் ஆஃப் வில்லேஜஸ் இஸ் லாங்" என்பதில் வினைக்கு அருகில் இருப்பது "வில்லேஜஸ்" என்னும் பன்மை. ஆயினும் தலைச்சொல் "லிஸ்ட்" என்பதால் வினை "இஸ்" என ஒருமையில் வருகிறது. அருகிலுள்ள சொல்லைப் பார்த்து "ஆர்" என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இதனைச் செய்வதுண்டு.

மலையின் பெயரிலும் ஒரு நுட்பம் உண்டு. தமிழில் கல்வராயன் மலை என ஒருமையில் வழங்குவதை ஆங்கிலம் "தி கல்வராயன் ஹில்ஸ்" எனப் பன்மையாக்கி, முன்னால் "தி" சேர்க்கிறது. பன்மை வடிவிலுள்ள மலைத்தொடர்ப் பெயர்களுக்கு "தி" வேண்டும். வினையும் பன்மையில் அமையும். ஆற்றின் பெயருக்கும் அவ்வாறே "தி கோமுகி" எனச் சேர்க்க வேண்டும். ஊர்ப்பெயருக்கு அது தேவையில்லை. "தி கள்ளக்குறிச்சி" என்று எழுதினால் அது தவறு.

வினைச் சொற்றொடர்

வினைச் சொற்றொடரின் எல்லை குறித்து இலக்கண ஆசிரியர்களிடையே ஒற்றுமை இல்லை. குவர்க் குழுவினர் துணை வினைகளையும் முதன்மை வினையையும் மட்டும் வினைச் சொற்றொடர் என்கின்றனர். ஹடில்ஸ்டன், புல்லம் போன்றோர் செயப்படுபொருள் முதலியவற்றையும் அதனுள் அடக்குகின்றனர்.

துணை வினைகளின் வரிசை தமிழ் மாணவர்களுக்குக் கடினமாகத் தோன்றினாலும் அது தமிழின் கண்ணாடிப் பிம்பமே. "மே ஹேவ் பீன் வொர்க்கிங்" என்பதற்கு இணையானது "வேலை செய்துகொண்டிருந்திருக்கலாம்" என்னும் ஒரே சொல். தமிழ்ச் சொல்லை இறுதியிலிருந்து பிரித்துப் பார்த்தால் முதலில் "லாம்", அது "மே". அடுத்து "இருக்க", அது "ஹேவ்". பின்னர் "கொண்டிருந்து", அது "பீன்" என்பதோடு "இங்" ஈற்றையும் தழுவியது. கடைசியாக "வேலை செய்து", அது "வொர்க்". தமிழ் வலப்புறமாக அடுக்குவதை ஆங்கிலம் இடப்புறமாக அடுக்குகிறது.

முற்றுப்பெறாத வினைகளால் அமையும் சொற்றொடர்கள்

"டு" சேர்ந்த வினை, தொழிற்பெயர், எச்சம் ஆகியவற்றை முதலாகக் கொண்டும் சொற்றொடர்கள் அமைகின்றன. "வாக்கிங் டு ஸ்கூல் இஸ் ஹார்ட்" என்பதில் "வாக்கிங் டு ஸ்கூல்" தொழிற்பெயர்ச் சொற்றொடராக நின்று எழுவாயாகிறது. தமிழில் "பள்ளிக்கு நடந்து செல்வது". தற்கால இலக்கணங்கள் இவற்றை எழுவாய் மறைந்த வாக்கியக்கூறுகளாகக் கருதுகின்றன. பள்ளி நூல்கள் சொற்றொடர் என்றே கூறும்.

எச்சச் சொற்றொடரில் கவனம் தேவை. "வாக்கிங் டு வெள்ளிமலை, தி ரெயின் பிகேன்" என்பது பிழையான வாக்கியம். மழையே வெள்ளிமலைக்கு நடந்து சென்றது என்று பொருள்படும். எச்சத்திற்கும் முற்றுவினைக்கும் எழுவாய் ஒன்றாக இருக்க வேண்டும். இவ்விதி தமிழருக்குப் புதியதன்று. செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் எழுவாயின் வினையையே கொண்டு முடியும் எனத் தொல்காப்பியமே கூறுகிறது. "வெள்ளிமலைக்கு நடந்து மழை தொடங்கியது" என்று யாரும் சொல்வதில்லை. செய என்னும் வாய்பாடு பிற எழுவாயையும் ஏற்கும் என்பதால் "மழை பெய்ய ஆறு நிறைந்தது" என்பது சரியாகிறது. "நடந்துசெல்லும்போது மழை தொடங்கியது" என்னும் தமிழ் வாக்கியமும் பிழையற்றதே. அதனை அப்படியே "வாக்கிங்" என மாற்றும்போதுதான் பிழை நுழைகிறது. "ஆஸ் வி வேர் வாக்கிங்" என வாக்கியக்கூறாக விரித்து எழுதினால் சிக்கல் தீரும்.

முன்னிடைச் சொற்றொடரும் அதன் இரு பணிகளும்

முன்னிடைச்சொல்லும் அதனைத் தொடரும் பெயர்ச் சொற்றொடரும் சேர்ந்தது முன்னிடைச் சொற்றொடர். தமிழில் இப்பணியை வேற்றுமை உருபுகளும் சொல்லுருபுகளும் பெயருக்குப் பின் நின்று ஆற்றுகின்றன. "நியர் தி டேம்" என்பது தமிழில் "அணைக்கு அருகில்".

ஆங்கிலத்தில் இச்சொற்றொடர் வடிவம் மாறாமலே பெயரையும் சிறப்பிக்கும், வினையையும் சிறப்பிக்கும். "ஷி மெட் தி டீச்சர் இன் வெள்ளிமலை" என்னும் வாக்கியத்தை இருவகையாகப் படிக்கலாம். சந்திப்பு வெள்ளிமலையில் நடந்தது என்பது ஒன்று. அவள் சந்தித்தவர் வெள்ளிமலையிலுள்ள ஆசிரியர் என்பது மற்றொன்று. தமிழில் இந்த ஐயம் எழாது. முன்னதற்கு "வெள்ளிமலையில் ஆசிரியரைச் சந்தித்தாள்" என்றும் பின்னதற்கு "வெள்ளிமலையிலுள்ள ஆசிரியரைச் சந்தித்தாள்" என்றும் எழுதுவோம். "உள்ள" என்னும் பெயரெச்சம் தொடரைப் பெயரோடு கட்டிவிடுகிறது. எனவே தமிழ் மாணவருக்கு எளிய சோதனை ஒன்று உண்டு: மொழிபெயர்க்கும்போது "உள்ள", "ஆன", "செல்லும்" போன்ற பெயரெச்சம் தேவைப்பட்டால் அது பெயரடைச் சொற்றொடர், தேவைப்படாவிட்டால் பெரும்பாலும் வினையடைச் சொற்றொடர்.

ஆங்கிலத்திற்குள்ளேயே சோதிக்க வேண்டுமெனில் பெயர்ச் சொற்றொடர் முழுவதையும் நீக்கிவிட்டு "ஹிம்" என்று இடலாம். "ஷி மெட் ஹிம் இன் வெள்ளிமலை" என வந்தால் "இன் வெள்ளிமலை" வினைக்கு உரியது. "ஷி மெட் ஹிம்" என்பதோடு முடிந்தால் அது ஆசிரியர் என்னும் பெயருக்கு உரியது, அப்பெயரோடு சேர்ந்தே மறைந்துவிட்டது.

சட்டத்தில் ஒரு சொற்றொடர்

கல்வராயன் மலையில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். மலையில் வாழ்பவர் என்பதே இப்பெயரின் பொருள். இவர்களின் மொழி தமிழ். கேரளத்து மலையாளிகளோடு பெயரொற்றுமை மட்டுமே உண்டு. ஆங்கிலத்தில் "மலையாளி ஸ்டூடன்ட்ஸ்" என்று மட்டும் எழுதினால் வெளியூர் வாசகர் கேரள மாணவர்கள் என்றே கொள்வார். "மலையாளி ஸ்டூடன்ட்ஸ் ஆஃப் தி கல்வராயன் ஹில்ஸ்" என ஒரு முன்னிடைச் சொற்றொடரைச் சேர்த்தால் தவறு நேராது.

சட்டத்திலும் இவர்களின் பெயரோடு ஒரு முன்னிடைச் சொற்றொடர் உள்ளது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் பழங்குடிகள் ஆணை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் திருத்தப்பட்டது. அதன் தமிழ்நாட்டுப் பகுதியில் மலையாளி என்னும் பெயருக்குப் பின் "இன்" என்னும் முன்னிடைச்சொல்லும், அதனைத் தொடர்ந்து தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய ஆறு மாவட்டங்களின் பெயர்களும் அடைப்புக்குறிக்குள் வருகின்றன. இது பெயரடைச் சொற்றொடர். "இம்மாவட்டங்களிலுள்ள மலையாளி" என்பது பொருள். ஆறு பெயர்களுக்கும் ஒரே "இன்" போதுமானதாக உள்ளது. இணைக்கப்பட்ட பெயர்கள் அனைத்தும் சேர்ந்து ஒரே பெயர்ச் சொற்றொடராக நிற்பதே காரணம்.

அதே பட்டியலில் இருளர் என்னும் பெயருக்கு இத்தகைய அடை எதுவும் இல்லை. எனவே அது மாநிலம் முழுவதற்கும் பொருந்தும். குறும்பர் பெயருக்குப் பின் நீலகிரி மாவட்டத்தைச் சுட்டும் "இன்" சொற்றொடர் உண்டு. தோடர், கோத்தர் பெயர்களுக்குப் பின் "எக்ஸ்க்ளூடிங்" என்று தொடங்கும் சொற்றொடர் வருகிறது. எச்ச வடிவில் இருந்தாலும் இச்சொல் இங்கே முன்னிடைச்சொல்லாகவே பயன்படுகிறது. "இன்" சொல்லப்பட்ட இடங்களை மட்டும் உள்ளே கொள்ளும்; "எக்ஸ்க்ளூடிங்" சொல்லப்பட்ட இடங்களை மட்டும் வெளியே விடும். பட்டியலில் பெயர் இடம்பெறாத ஒரு மாவட்டத்தில் வாழ்பவருக்கு இவ்வேறுபாடு மிகப் பெரியது.

சொற்றொடருக்குள் இருக்கும் மாவட்டப் பெயர்கள் 1976 மே 1 அன்றிருந்த எல்லைகளைக் குறிக்கின்றன. அன்று கள்ளக்குறிச்சி தென் ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்டம் 1993இல் பிரிக்கப்பட்டபோது கள்ளக்குறிச்சி விழுப்புரம் மாவட்டத்தில் சேர்ந்தது. 2019 நவம்பரில் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. தென் ஆர்க்காடு என்னும் பெயரில் இன்று மாவட்டம் இல்லை. ஆயினும் அச்சொற்றொடரின் வழியாகவே கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயன் மலை மலையாளிகள் பட்டியலுக்குள் வருகின்றனர். சேலம் மாவட்டப் பக்கத்தில் வாழ்வோர் சேலம் என்னும் பெயரால் உள்ளடங்குகின்றனர்.

ஆறு பெயர்களுள் கோயம்புத்தூர் இல்லை. ஈரோடு 1979இல்தான் கோயம்புத்தூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. ஆகவே ஈரோடு மாவட்ட மலைகளில் வாழும் மலையாளிகள் அச்சொற்றொடருக்கு வெளியே நின்றுவிட்டனர். தங்களையும் பட்டியலில் சேர்க்குமாறு அவர்கள் நெடுங்காலமாகக் கோரி வந்துள்ளனர்.