விடாத மழையில் பல நாள் ட்ரெக்கிங்: உண்மையான ஆபத்து எது?

அமெரிக்காவின் அப்பலாச்சியன் ட்ரெயில் சுமார் 3,500 கி.மீ. நீளம். ஜார்ஜியாவில் தொடங்கி, 14 மாகாணங்களைக் கடந்து மெய்ன் மாகாணத்தில் முடிகிறது. முழுசா நடக்க 5 முதல் 7 மாதங்கள் ஆகும். வழியில் தொடர்ந்து சில நாட்கள் மழை கொட்டுவது சகஜம். 'மழையும் வலியும் இல்லாமல் மெய்ன் இல்லை' என்பது அங்கு நடப்பவர்கள் அடிக்கடி சொல்வது.

நனைஞ்சா சளி பிடிக்கும், அவ்வளவுதானே? விஷயம் அதைவிட சீரியஸ்.

பனி இல்லாமலே ஹைப்போதெர்மியாவா?

ஆமாம். உடலின் உள் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போவதுதான் ஹைப்போதெர்மியா. 10 டிகிரி குளிரிலேயே, மழையும் காற்றும் சேர்ந்தால் இது வரலாம். காரணம், காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக தண்ணீர் வெப்பத்தைக் கடத்தும்.

1964 மார்ச்சில் இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்டில் நடந்த 'ஃபோர் இன்ஸ்' நடைப்போட்டியில், மழையிலும் காற்றிலும் சிக்கி 3 இளைஞர்கள் இறந்தார்கள். 1953 எவரெஸ்ட் குழுவில் இருந்த உடலியல் நிபுணர் கிரிஃபித் பியூ இதை ஆராய்ந்தார். ஈரத்துணி குளிரைத் தாங்காது. களைப்பில் நடை தளர்ந்தால், உடம்பு உண்டாக்கும் சூடும் குறைந்துவிடும். இரண்டும் சேர்வதுதான் ஆபத்து.

ரெயின்கோட் போதாதா?

போதாது. சுமையோடு மலை ஏறும்போது வியர்வை உள்ளேயே தங்கி, உள்ளிருந்து நனைக்கும். காட்டன் டி-ஷர்ட்டும் ஜீன்ஸும் நம்ம ஊர் வெயிலுக்கு ஓகே. குளிர் மழையில் அவை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளி அல்லது சிந்தெடிக் துணி பெட்டர்.

அப்போ என்ன வழி?

ஒரு செட் உடை, சாக்ஸ், ஸ்லீப்பிங் பேக் மூன்றும் எப்போதும் காய்ந்திருக்க வேண்டும். பைக்குள் தடிமனான பிளாஸ்டிக் கவர் போட்டு அதில் வையுங்கள். அந்த உடை தூங்க மட்டும்தான்.

கஷ்டமான பகுதி மறுநாள் காலை. நேற்றைய ஈர உடையையே மறுபடி மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். காய்ந்ததைப் போட்டால் அதுவும் நனையும். அன்றிரவு மாற்றுத்துணி இருக்காது. நடக்க ஆரம்பித்தால் உடம்பு சூடாகிவிடும். நீண்ட நேரம் நிற்காமல், அடிக்கடி கொஞ்சம் சாப்பிட்டுக்கொண்டே போகலாம். பல நாள் ஈரத்தில் ஊறினால் பாதமும் புண்ணாகும். இரவில் துடைத்துக் காயவிடுங்கள்.

எப்போது அலர்ட் ஆகணும்?

கூட வருபவர் தடுமாறுகிறாரா, பேச்சு குழறுகிறதா, ஜிப் போடக்கூட விரல் வரவில்லையா, காரணமில்லாமல் எரிந்து விழுகிறாரா? உடனே நிறுத்துங்கள். ஈர உடையைக் கழற்றி, காய்ந்த உடை மாற்றி, ஸ்லீப்பிங் பேக்கில் படுக்க வையுங்கள். தெளிவாக இருந்தால் சூடாக, இனிப்பாகக் குடிக்கக் கொடுங்கள். மது கூடவே கூடாது. சூடு ஏறாமலே நடுக்கம் நின்றால் நிலைமை மோசம் என்று அர்த்தம். உடனே மருத்துவ உதவி தேவை.

மூளை குளிர்ந்தால் முடிவெடுக்கும் திறனும் போய்விடும். 'நான் ஓகே' என்று பாதிக்கப்பட்டவரே சொல்வார். அதை நம்பாதீர்கள்.