ஜி. என். இராமச்சந்திரனின் ஆய்வுப்பணியும் மூலக்கூற்று உயிரியலில் அதன் தாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

புரத மூலக்கூறுகளின் வடிவத்தை ஆராய்ந்த அறிஞர்களுள் ஜி. என். இராமச்சந்திரன் (1922–2001) முதன்மையான இடம் பெறுபவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவர் முன்வைத்த கொலாஜன் முச்சுருள் மாதிரியும், அதன் தொடர்ச்சியாக உருவான இராமச்சந்திரன் வரைபடமும் தனித்தனிச் சாதனைகளாகவே பெரும்பாலும் பேசப்படுகின்றன. முதல் ஆய்வுக்கு எழுந்த மறுப்பே இரண்டாம் ஆய்வுக்கு வித்தாயிற்று என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இராமச்சந்திரன், கொலாஜன், முச்சுருள், புரத அமைப்பு, இராமச்சந்திரன் வரைபடம், மூலக்கூற்று உயிரியற்பியல்.

முன்னுரை

தமிழில் எழுதப்படும் அறிவியலாளர் வரலாறுகள் பல, பெற்ற விருதுகளையும் பெறாத விருதுகளையும் சுற்றியே அமைகின்றன. இராமச்சந்திரனைப் பற்றிய எழுத்துகளும் இதற்கு விலக்கல்ல. அவருக்கு நோபல் பரிசு கிடைக்காத ஆதங்கம் அவற்றில் மேலோங்கி நிற்க, அவர் ஆய்வு நடந்த முறை பின்னுக்குத் தள்ளப்படுகிறது. இளம் ஆய்வாளருக்குப் பயன்படுவது அம்முறையே என்பதால் இக்கட்டுரை அதனை முதன்மைப்படுத்துகிறது.

கல்வியும் ஆய்வுக்களமும்

திருநெல்வேலி மாவட்டத்துக் கோபாலசமுத்திரத்தைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில், 1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் இராமச்சந்திரன் பிறந்தார். திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றபின் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்து, விரைவில் சி. வி. இராமனின் இயற்பியல் துறைக்கு மாறினார். 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்தில் படிகவியல் ஆய்வு மேற்கொண்டு முனைவர் பட்டம் பெற்றார். துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியாரின் அழைப்பை ஏற்று, 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவரானார்.

அக்காலக் கிண்டிப் பகுதி அறிவியல் நிறுவனங்கள் வேரூன்றிக்கொண்டிருந்த இடமாகும். கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் 1944-இல் அங்கே தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியிருந்தது. மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் அதன் அருகிலேயே அமைந்தது. நிறுவனங்களின் இவ்வண்மை இராமச்சந்திரனின் ஆய்வுக்கு நேரடியாகத் துணைநின்றது.

கொலாஜன் முச்சுருள்

தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதி தருவது கொலாஜன் எனும் புரதம். சென்னைக்கு வருகை தந்த படிகவியலாளர் ஜே. டி. பெர்னல், அதன் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை எனச் சுட்டியது இராமச்சந்திரனின் ஆர்வத்தைத் தூண்டியது. தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து பெற்ற கங்காரு வால் தசைநாணை எக்ஸ் கதிர்களுக்கு உட்படுத்தி, கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து அவர் ஆராய்ந்தார்.

கொலாஜனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமினோ அமிலங்கள் கிளைசின் ஆகும். இவ்வேதியியல் உண்மையே மாதிரிக்கு அடிப்படையாயிற்று. மூன்று சங்கிலிகள் அருகருகே அமைந்தால் ஒவ்வொரு மூன்றாம் இடமும் அச்சை நோக்கியிருக்கும். அக்குறுகிய இடத்தில் அமினோ அமிலங்களுள் மிகச் சிறியதான கிளைசின் மட்டுமே பொருந்தும். 1954-இல் ‘நேச்சர்’ இதழில் இம்மாதிரி வெளியாயிற்று. சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொள்ளும் திருத்திய வடிவம் 1955-இல் வெளியிடப்பட்டது.

மறுப்பும் அளவுகோலும்

அதே ஆண்டு அலெக்சாண்டர் ரிச், பிரான்சிசு கிரிக் ஆகியோர் முச்சுருள் என்னும் அடிப்படையை ஏற்றுக்கொண்டு, மாதிரியின் நுணுக்கங்களை மறுத்தனர். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஐதரசன் பிணைப்புகள் என்றார் இராமச்சந்திரன்; ஒன்றே இயலும் என்றனர் அவர்கள். இராமச்சந்திரனின் மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்பதும் அவர்கள் கூற்று.

‘அளவுக்கு மீறி’ என்பதற்கு அன்று உறுதியான அளவு எதுவும் இல்லை. எனவே இராமச்சந்திரன் தம் மாதிரிக்காக வாதிடுவதோடு நில்லாமல், பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் எவ்வளவு தொலைவு வரை நெருங்கலாம் என்னும் பொதுவினாவை எழுப்பினார். ஏற்கெனவே வெளியாகியிருந்த அமினோ அமில, பெப்டைடுப் படிக அமைப்புகளிலிருந்து அத்தொலைவுகளைத் தொகுத்து, இயல்பு எல்லை, கடைநிலை எல்லை என இரண்டு வரம்புகளை வகுத்தார். பிறர் வெளியிட்ட தரவுகளைப் புதிய வினாவோடு மீண்டும் படித்ததே இங்கு நிகழ்ந்த ஆய்வு.

இராமச்சந்திரன் வரைபடம்

புரதச் சங்கிலியின் பெப்டைடு அலகு தட்டையானது, எளிதில் முறுகாது. ஆல்ஃபா கார்பனின் இருபுறமும் உள்ள இரண்டு பிணைப்புகளே சுழலக்கூடியவை. அச்சுழற்சிக் கோணங்கள் ஃபை, சை எனப்படுகின்றன. ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் இவ்விரு கோணங்கள் தெரிந்தால் முதுகெலும்புச் சங்கிலியின் வடிவம் தெரிந்துவிடும்.

இரண்டு கோணங்களையும் இரண்டு அச்சுகளாக்கி, எந்தெந்தச் சேர்க்கைகளில் அணுக்கள் மோதுகின்றன என்று இராமச்சந்திரனும் அவருடைய மாணவர்களான சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோரும் கணக்கிட்டனர். கிளைசின் அல்லாத அமினோ அமிலங்களுக்குப் பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு விலக்கப்பட்டதாயிற்று. எஞ்சிய சிறு பகுதிகளிலேயே ஆல்ஃபா சுருளும் பீட்டா தாளும் கொலாஜன் சுருளும் அடங்கின. 1963-இல் வெளியான அக்கட்டுரை ஐந்து பக்கங்களே கொண்டது.

தாக்கம்

எக்ஸ் கதிர்ப் படிகவியலால் பெறப்படும் புரத அமைப்பாயினும், எலக்ட்ரான் நுண்ணோக்கியால் பெறப்படுவதாயினும், அதன் தரம் இன்று இவ்வரைபடத்தைக் கொண்டு சோதிக்கப்படுகிறது. விலக்கப்பட்ட பகுதியில் புள்ளிகள் பல விழுந்தால் ஆய்வாளர் தம் அமைப்பை மறுபரிசீலனை செய்கிறார். முச்சுருள் மாதிரியும் மருத்துவத்துக்கு ஒளி தந்தது. கொலாஜனில் ஒரு கிளைசின் பெரிய அமினோ அமிலமாக மாறினால் எலும்பு எளிதில் முறியும் பிறவிநோய் உண்டாகக் கூடும். அச்சில் இடமின்மையே அதன் அமைப்பியல் விளக்கம்.

1970-களின் தொடக்கத்தில் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூற்று உயிரியற்பியல் பிரிவை அவர் உருவாக்கினார். ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் 1971-இல் வெளியிட்ட கணித முறை, கணினி வழி ஊடுகதிர்ப் படமெடுப்பின் வளர்ச்சியிலும் இடம்பெற்றது.

ஐதரசன் பிணைப்பு குறித்த விவாதத்துக்கும் விடை கிடைத்தது. நேரடிப் பிணைப்பு ஒன்றே என்பதை 1994-இல் வெளியான கொலாஜன்வகைப் பெப்டைடின் படிக அமைப்பு காட்டியது. இவ்வகையில் ரிச், கிரிக் கூற்றே நிலைபெற்றது. ஆயினும் நீர் மூலக்கூறுகள் வழியாகவும் சங்கிலிகள் பிணைக்கப்படுவதை அவ்வமைப்பு வெளிப்படுத்தியது. நீரின் இப்பங்கினை இராமச்சந்திரன் 1968-லேயே முன்மொழிந்திருந்தார்.

முடிவுரை

இராமச்சந்திரனின் முதல் மாதிரி முழுமையாகச் சரியானதன்று. அதனை ஒப்புக்கொள்வது அவர் பெருமையைக் குறைப்பதாகாது. மறுப்பில் பொதிந்திருந்த தெளிவின்மையைக் கண்டு, அதனை அளவாக மாற்றியதே அவர் ஆய்வின் சிறப்பு. தம் மாதிரியை எதிர்த்தவர்களும் பயன்படுத்தத்தக்க கருவியை அவர் அளித்தார். ஆய்வேட்டில் மதிப்பீட்டாளர் எழுப்பும் ஒரு வினாவைக் குறையாகக் கருதித் திருத்திவிட்டு நகர்வதா, அடுத்த ஆய்வின் தொடக்கமாகக் கொள்வதா என்று எண்ணும் ஆய்வாளருக்குக் கிண்டியில் நிகழ்ந்த இப்பணி தக்க சான்றாகும்.