எண்ணெய் பக்கமே போறதில்ல, ஆனாலும் ட்ரைகிளிசரைடு 240: இந்தக் கொழுப்பு எங்கிருந்து வருது?

ஆபீஸில் வருடாந்திர ஹெல்த் செக்கப் முடிந்து ரிப்போர்ட் மெயிலில் வருகிறது. மொத்த கொலஸ்ட்ரால் சரியாக இருக்கிறது, சுகரும் எல்லைக்குள்தான். ஆனால் ட்ரைகிளிசரைடு 240. இருக்க வேண்டியது 150-க்குள்.

"வடை, பஜ்ஜி எல்லாம் விட்டு வருஷமாச்சு, உடம்பும் ஒல்லிதான், அப்புறம் எப்படி?" என்று உங்களுக்குத் தோன்றலாம். உடனே சமையல் எண்ணெயை இன்னும் குறைப்பீர்கள். ஆனால் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது சோற்றுத் தட்டைத்தான்.

சோறு எப்படிக் கொழுப்பாகிறது?

சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாமே செரித்த பிறகு குளுக்கோஸாக ரத்தத்தில் சேர்கின்றன. உடனடித் தேவை போக மீதியை இன்சுலின் உதவியுடன் கிளைக்கோஜன் என்ற வடிவில் உடல் சேமிக்கிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். அவ்வளவுதான் இடம்.

நாள் முழுக்க லேப்டாப் முன் உட்கார்ந்திருந்தால் தசைகளில் உள்ள இருப்பு அதிகம் செலவாகாது. அதற்கு மேலும் குளுக்கோஸ் வந்தால், கல்லீரல் அதில் ஒரு பகுதியைக் கொழுப்பு அமிலமாக மாற்றுகிறது. மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒரு கிளிசராலுடன் சேர்ந்தால் அதுதான் ட்ரைகிளிசரைடு. ரத்தத்தில் ஏறியது உங்கள் ரிப்போர்ட்டில் தெரிகிறது. கல்லீரலிலேயே தங்கியது ஃபேட்டி லிவர் ஆகிறது.

சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். அதைப் பெரும்பாலும் கல்லீரல்தான் கையாள்கிறது, அது கொழுப்பாக மாறுவதும் சுலபம். அதனால்தான் கூல்டிரிங்க்ஸ், பாக்கெட் ஜூஸ் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை.

இது தொடர்ந்தால் உடல் இன்சுலின் பேச்சைக் கேட்பது குறையும். ட்ரைகிளிசரைடு ஏறும், நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல் இறங்கும். சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் இது முன்னோட்டம். சுகர் நார்மலாக இருக்கும்போதே இது தொடங்கிவிடலாம்.

ஒல்லியாக இருந்தால் தப்பிக்கலாமா?

2004-ல் லான்செட் இதழில் வெளியான ஒரு படம் இதற்குப் பதில் சொல்கிறது. புனேவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், பிரிட்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின் இருவருக்கும் பிஎம்ஐ ஒரே 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1%, யாஜ்னிக்குக்கு 21.2%. எடை மெஷின் சொல்லாததை இடுப்பு டேப் சொல்லும். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை.

சோறுக்குப் பதில் சப்பாத்தி போதுமா?

போதாது. 2025-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி, இந்தியர்களின் கலோரியில் சுமார் 62% கார்போஹைட்ரேட்டிலிருந்து வருகிறது. மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என மாற்றுவது மட்டும் சர்க்கரை நோய் அபாயத்தைக் குறைப்பதாகத் தெரியவில்லை. கார்போஹைட்ரேட்டில் ஒரு சிறு பங்கை பருப்பு, பால் போன்றவற்றின் புரதமாக மாற்றினால் அபாயம் குறைவாக இருந்தது.

என்ன செய்யலாம்?

* மதியம் சோறைக் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் சுண்டலோ முட்டையோ கெட்டிப் பருப்போ கூடுதலாக வையுங்கள். பொரியலையும் கூட்டுங்கள்.
* சாப்பிட்டதும் சீட்டுக்குத் திரும்பாமல் 10 நிமிடம் நடங்கள். வேலை செய்யும் தசை, இன்சுலின் குறைவாக இருந்தாலும் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும்.
* வீக்எண்ட் பார்ட்டிக்கு மறுநாள் ரத்தம் கொடுத்தீர்களா? மது ட்ரைகிளிசரைடை ஏற்றும். சாப்பிட்டுவிட்டுக் கொடுத்தாலும் எண் கூடும். டாக்டர் சொன்னால் 9 முதல் 12 மணி நேரம் சாப்பிடாமல் இருந்து மறுபடி பாருங்கள்.
* தைராய்டு குறைபாடு, சில மருந்துகள், பரம்பரை ஆகியவையும் காரணமாகலாம். டாக்டரிடம் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: 500-ஐத் தாண்டினால் கதை வேறு. கணைய அழற்சி வரும் ஆபத்து இருப்பதால் அப்போது எண்ணெயையும் கண்டிப்பாகக் குறைக்க வேண்டும். தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

240 என்பது பயப்பட வேண்டிய எண் இல்லை. ஆனால் 'சுகர் நார்மல்தானே' என்று அந்த மெயிலை மூடிவிடாதீர்கள். சரிசெய்வதற்குச் சுலபமான கட்டம் இதுதான்.