தீரர் சத்தியமூர்த்தி (1887–1943)

உங்கள் முன் விரிந்து கிடக்கும் பூண்டி நீர்த்தேக்கம் ஒரு வழக்கறிஞரின் பெயரைத் தாங்கியது: சத்தியமூர்த்தி சாகர்.

திருமயத்தில் பிறந்த அவர் படித்தது சென்னைக் கிறித்தவக் கல்லூரியில். சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1923இல் சென்னைச் சட்டமன்றத்துக்கும், 1934 தேர்தலில் நீதிக்கட்சியின் ஏ. இராமசாமி முதலியாரை வென்று டெல்லி மத்திய சட்டசபைக்கும் சென்றார். அங்கே காங்கிரஸ் கட்சியின் துணைத் தலைவர். கேள்வி நேரத்தில் அரசைத் துருவித் துருவிக் கேட்பார். குறுக்கு விசாரணை செய்யும் வக்கீலின் கை அதில் தெரிந்தது.

1939இல் சென்னை மேயரானார். பதவிக்காலம் ஓராண்டுதான். அதற்குள், நகரின் தண்ணீர்த் தட்டுப்பாட்டைப் போக்க, கொசஸ்தலையாற்றின் குறுக்கே அணை கட்ட ஆங்கில அரசின் ஒப்புதலைப் போராடிப் பெற்றார். 8-8-1940 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் கைதாகி அமராவதி சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது முதுகெலும்பில் அடிபட்டது. 28-3-1943 அன்று காலமானார். அணை திறக்கப்பட்டது 1944 ஜூனில்.

இன்றைய கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. கிருஷ்ணா நீரும் கண்டலேறு–பூண்டி கால்வாய் வழியே இங்குதான் வந்து சேர்கிறது. இது குடிநீர், தயவுசெய்து நீரில் இறங்காதீர்கள்.